நெமிலிச்சேரி மாட்டுக்கு விருந்து வைப்பது எப்படி?

மாடு வளர்ப்பவர்களுக்கு இந்தக் கையேடு தேவைப்படாது. அவர்களுக்கு யோசனை சொல்ல 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. 1989இல் தொடங்கிய கால்நடைப் பல்கலைக்கழகம் மாதவரத்தில் இருக்கிறது. ஆனால் மாடும் வளர்க்காமல், எதிரே நிற்கும் மாடு யாருடையது என்றும் தெரியாமல், தினமும் தவறாமல் மாட்டுக்குத் தீவனம் வைக்கிற ஒரு பெருங்கூட்டம் சென்னைப் புறநகரில், ஆவடிக்கு அருகே உள்ள நெமிலிச்சேரியில் பெருகிவருகிறது. அவர்களுக்குத்தான் இதுவரை யாரும் வழிகாட்டவில்லை.

வண்டலூரில் கிளம்பிய வெளிவட்டச் சாலை 2014இல் நெமிலிச்சேரி வரை வந்தது. 2021இல் இங்கிருந்து மீஞ்சூர் வரை போனது. சாலையைப் பிடித்துக்கொண்டு மனைப்பிரிவுகள் வந்தன, மனைகளில் அடுக்குமாடி வந்தது, அடுக்குமாடியில் இரவு மீந்த சாம்பார் வந்தது. மாடுகள் மட்டும் புதிதாக வரவில்லை. அவை வயல் இருந்த காலத்திலிருந்தே இங்கேதான் இருக்கின்றன. வரப்பில் மேய்ந்த இடத்தில் இப்போது பிளாட் எண் எழுதிய கல் நிற்கிறது, அவ்வளவுதான். விற்காத மனையில் முளைத்த புல்தான் இன்று இந்தப் பக்கத்து மாடுகளுக்குக் கிடைக்கும் ஒரே ஒழுங்கான சாப்பாடு. அதிலும் பாதி பார்த்தீனியம், தின்றால் பால் கசக்கும். ரியல் எஸ்டேட் கொஞ்சம் மந்தமானால் மாடு கொஞ்சம் தேறும். விற்பனை சூடுபிடித்தால் மாடு உங்கள் வாசலுக்கு வரும். வந்த விருந்தாளியை எப்படிக் கவனிப்பது என்று பார்ப்போம்.

முதலில் கவர்

அனுபவமில்லாதவர்கள் எந்தச் சோறு, எந்தக் குழம்பு என்று யோசித்து நேரத்தை வீணாக்குவார்கள். உண்மையில் தேர்ந்தெடுக்க வேண்டியது கவரைத்தான். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாட்டில் தடைசெய்துவிட்டார்களே, கறுப்புக் கவருக்கு எங்கே போவது என்று கலங்க வேண்டாம். காய்கறி வாங்கினால் ஒன்று வரும், பூ வாங்கினால் ஒன்று வரும், கறிக்கடையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வரும்.

அடியில் நேற்றைய சாதம், அதன்மேல் சாம்பார், அதற்கும் மேல் நமுத்துப்போன அப்பளம் என்று அடுக்கி, வாயை இழுத்து இரண்டு முடிச்சு போடுங்கள். ஒற்றை முடிச்சு ஆபத்தானது, அவிழ்ந்து சோறு தனியாகக் கொட்டிவிட்டால் மாடு கவரை விட்டுவிட்டுச் சோற்றை மட்டும் தின்றுவிடக்கூடும். சாமி படத்தில் வாடிய மாலையை அதன் கம்பியோடு சேர்த்து வைத்தால் இன்னும் விசேஷம்.

இந்த முறையின் வெற்றிக்கு மாட்டின் உடலமைப்புதான் காரணம். ஆட்டுக்கு உதடு நன்றாக அசையும், வேண்டியதைப் பொறுக்கி வேண்டாததை ஒதுக்கும். மாடு அப்படி இல்லை. நாக்கை வளைத்துப் பிடித்து இழுத்து, பேருக்கு நாலு மெல்லு மென்று உள்ளே அனுப்பிவிடும். நாக்கின் மேலுள்ள சொரசொரப்பான முட்கள் தொண்டைப் பக்கம் சாய்ந்திருப்பதால் வாய்க்குள் போனதைத் துப்புவதும் அதற்கு லேசில்லை. ருசி பார்த்து மெல்லுவதெல்லாம் பிறகு, நிழலில் படுத்து அசைபோடும்போதுதான். அப்போது புல்லும் வைக்கோலும் வாய்க்குத் திரும்பி வரும். கவர் திரும்பி வராது. கீழேயும் இறங்காது. முதல் வயிற்றில் தங்கி, அடுத்த வாரம் நீங்கள் அனுப்பும் கவருக்காகக் காத்திருக்கும். கம்பியும் ஆணியும் அதை ஒட்டியுள்ள இரண்டாவது வயிற்றில் போய் விழும். அதற்கு முன்னால் ஓர் உதரவிதானம், அதற்கும் முன்னால் இதயம். கூரான கம்பி எந்தத் திசையில் பயணப்படும் என்பது கம்பியின் இஷ்டம். வெளிநாட்டுப் பண்ணைகளில் மாட்டை ஒரு காந்தத்தை விழுங்கவைத்து இரும்பை அதன்மேல் ஒட்டவைத்துவிடுகிறார்கள். பிளாஸ்டிக்கைப் பிடித்துவைக்கும் காந்தம் இன்னும் வரவில்லை.

மின்சார ரயிலில் நெமிலிச்சேரியிலிருந்து சென்னைப் பக்கம் ஐந்தாவது நிறுத்தம் திருமுல்லைவாயல். அந்த ஊர்ப் பசு ஒன்றை 2019 அக்டோபரில் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். கன்று போட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மருத்துவர்கள் ஐந்தரை மணி நேரம் அறுவை செய்து வயிற்றிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் 52 கிலோ. வளர்ந்த ஒரு மனிதரின் எடைக்குக் கொஞ்சம் குறைவு. தடை அமலுக்கு வந்து அப்போது பத்தாவது மாதம். உலகத்தின் பெரிய ஆராய்ச்சிப் பண்ணைகளில் மாட்டின் விலாவில் ஓட்டை போட்டு, ரப்பர் மூடி பொருத்தி, கையை உள்ளே விட்டு அது என்ன தின்றது என்று பார்ப்பார்கள். ஆவடி வட்டாரத்தில் அந்தச் செலவெல்லாம் இல்லை. தெருவைப் பார்த்தாலே உள்ளே என்ன இருக்கும் என்று சொல்லிவிடலாம்.

இந்தக் கட்டத்தில் மாட்டுக்காரர் குறுக்கே வருவதுண்டு. உரையாடல் வழக்கமாக இப்படிப் போகும்:

"ஏம்பா, இது உன் மாடுதானே? நேத்து நான் வெச்ச சாம்பார் சாதத்தை என்னா ஆசையா துன்னுச்சு தெரியுமா!"

"கவரோடயாம்மா வெச்சீங்க?"

"பின்னே தரையில கொட்டச் சொல்றியா? தெரு அசிங்கமாயிடாது?"

இதற்கு அவரிடம் பதில் இருக்காது. நமக்கோ தெருவும் சுத்தமாகிவிடும், புண்ணியமும் சேரும். இப்படி இரண்டும் ஒரே கையில் கிடைக்கும் காரியம் வேறு எதிலும் இல்லை.

சோற்றை அளந்து வைக்காதீர்கள்

கால்நடை உணவியல் படித்தவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைச் சொன்னாலும் "எத்தனை கிலோ?" என்பார்கள். தர்மம் செய்கிற இடத்தில் தராசுக்கு என்ன வேலை?

அவர்கள் தரப்பையும் கேட்டுவைப்போம், பிறகு மறுக்க வசதியாக இருக்கும். வளர்ந்த மாட்டின் முதல் வயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். மாவு புளிக்கவைக்கும் பானை மாதிரி ஒன்று. உள்ளே எண்ணமுடியாத நுண்ணுயிரிகள். வைக்கோலை உடைக்கும் சக்தி மாட்டுக்குச் சொந்தமாகக் கிடையாது. இந்த நுண்ணுயிரிகள்தான் அதை நொதிக்கவைத்து அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்ரிக் என்ற அமிலங்களாக்கிக் கொடுக்கின்றன. மாட்டுக்கு வேண்டிய சக்தியில் பெரும்பங்கு அதிலிருந்துதான். அப்படி உழைத்த நுண்ணுயிரிகளே கடைசியில் அடுத்த வயிறுகளுக்குத் தள்ளப்பட்டுச் செரித்து, மாட்டுக்குப் புரதமாகின்றன. ஆக, நாம் வைக்கும் சாப்பாட்டை முதலில் சாப்பிடுவது மாடு இல்லை. இந்த நுண்ணுயிரிக் கூட்டத்துக்குப் பழக்கமான சாப்பாடு நார். உள்ளே புளிப்பு ஓர் அளவில் நிற்கவேண்டும், பி.எச். என்ற அமில காரக் கணக்கில் ஆறிலிருந்து ஏழு வரை.

திடீரென்று ஒரு அண்டா பொங்கல் உள்ளே இறங்கினால் என்ன ஆகும்? மாவுச்சத்தைத் தின்னும் வேறொரு கூட்டம் வெறிகொண்டு பெருகும். லாக்டிக் அமிலம் சேரும். பி.எச். ஐந்தரைக்குக் கீழே போகும்போது நாரைச் செரிக்கும் கூட்டம் செத்துப்போகும். மாடு அசைபோடுவதை நிறுத்திவிடும், வயிறு தொங்கிப்போகும், கழியும், படுத்துவிடும். சமையல் சோடாக் கரைசலைக் குடிக்கவைத்துக் காப்பாற்றுவதும் உண்டு. முற்றிப்போனால் வயிற்றைத் திறந்து அள்ளி வெளியே போடுவார்கள். அதற்கும் நேரம் கிடைக்காத மாடுகள் உண்டு. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கால்நடை மருத்துவர் யாரிடமாவது பேசிப் பாருங்கள், மாட்டுக்கு நன்றி சொல்லும் விழாவின் மறுநாள் அவருக்கு ஏன் வேலை கூடுகிறது என்று சொல்வார்.

நெமிலிச்சேரியில் மாட்டுப் பொங்கல் வருஷத்துக்கு ஒருமுறை வருவதில்லை, முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் வருகிறது. புது வீடுகள் எழும் ஊர் என்பதால் கிரகப்பிரவேசத்துக்குக் குறைவில்லை. விடிகாலை நாலரைக்குக் கன்றோடு பசு வரும். அடுக்குமாடி என்றால் லிஃப்ட் வாசல் வரை வரும். வீட்டுக்காரர்கள் இரண்டு சீப்பு வாழைப்பழம், ஒரு படி ஊறவைத்த அரிசி, வெல்லக்கட்டி என்று ஆளாளுக்கு ஊட்டுவார்கள். தாத்தா ஊட்டியதைப் பாட்டி பார்க்கவில்லை என்று பாட்டி ஒரு தடவை ஊட்டுவார். போட்டோகிராபர் பார்க்கவில்லை என்று மறுபடியும். அது முடிந்ததும் பசு அடுத்த தெரு கிரகப்பிரவேசத்துக்குப் போகும். நல்ல முகூர்த்த நாளில் ஒரே பசு எத்தனை வீட்டை மங்களகரமாக்க முடியும் என்பது அதன் முதல் வயிற்றின் பொறுமையைப் பொறுத்தது. உங்கள் வீடு அன்றைக்கு அதற்கு முதல் வீடா கடைசி வீடா என்று மாட்டுக்காரரிடம் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் ஊட்ட மனசு வராது.

அகத்திக்கீரை விஷயத்தில் மட்டும் ஆராய்ச்சியாளர்களிடம் நம்மால் சண்டைபோட முடியவில்லை. அமாவாசைக்கு அகத்திக்கீரை கொடுக்கும் வழக்கத்தை அவர்கள் எதிர்ப்பார்கள் என்று நினைத்தால், அகத்தி நல்ல புரதமுள்ள மரத்தீவனம், உலர்ந்த எடையில் ஏறக்குறைய கால்பங்கு புரதம், தாராளமாகக் கொடுங்கள் என்கிறார்கள். ஏமாற்றமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் ஒரு வழி வைத்திருக்கிறோம். கட்டிய ரப்பர் பேண்டைக் கழற்றாமல் அப்படியே நீட்டுவது. மாசத்தில் ஒருநாள் முப்பது கட்டும் மற்ற இருபத்தொன்பது நாள் ஒன்றும் இல்லாமலும் வைத்திருப்பது. நுண்ணுயிரிகளுக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாது என்பதைக் கவனத்தில் கொள்ளவும்.

பிண்ணாக்கு: பழசு மலிவு

இரண்டு மாடு வைத்துக்கொண்டு தெருவுக்கே பால் ஊற்றும் ஆள் நமக்குத் தெரிந்தவராக இருந்தால், அவருக்கும் ஒரு யோசனை சொல்லலாம். மழையில் நனைந்து, கட்டிதட்டி, ஓரத்தில் பச்சை பூத்த கடலைப் பிண்ணாக்கு மூட்டை கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். மனிதர் தின்ன முடியாததைத்தானே மாட்டுக்குப் போடுகிறோம்?

1960இல் இங்கிலாந்தில் இப்படி யாரும் யோசிக்கவில்லை, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கைத் தெரியாமல் போட்டார்கள். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. காரணம் புரியாமல் முதலில் அந்த நோய்க்கு எக்ஸ் என்று பெயர் வைத்தார்கள். பிறகுதான் பூஞ்சையையும் அது சுரக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சையும் கண்டுபிடித்தார்கள். வான்கோழி போல மாடு பொசுக்கென்று சாவதில்லை. நஞ்சின் ஒரு பகுதியைக் கல்லீரலில் கொஞ்சம் உருமாற்றி, பாலில் விட்டுவிடும். காய்ச்சினால் போகாது. தயிரானாலும் போகாது.

திருமுல்லைவாயல் பசுவுக்கு அறுவை நடந்த அதே 2019 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு தழுவிய பால் ஆய்வின் முடிவை வெளியிட்டது. 6,432 மாதிரிகள். அவற்றில் 368இல் இந்த நஞ்சு அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. அந்தப் பட்டியலில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 551 மாதிரியில் 88. பாலில் தண்ணீர் கலக்கிறார்களா, யூரியா கலக்கிறார்களா என்றுதான் நாம் எப்போதும் சந்தேகப்படுவோம். கலப்படம் செய்பவன் கை இதில் இல்லை. தீவனத்தின் வழியாக வந்தது என்று ஆணையமே சொன்னது. அன்று பத்திரிகைகளில் வந்த செய்தி அடுத்த வாரத்துக்குள் மறந்துபோனது. 52 கிலோ பிளாஸ்டிக்கின் படம்போல நஞ்சுக்கு ஒரு படம் இல்லையே.

கலப்புத் தீவனத்தில் ஈரம் 11 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். பூஞ்சைக்கு அதற்குக் கீழே வாழ்வது கஷ்டம் என்பதால் அந்த எண். மழைக்காலத்தில் மூட்டையை வெறுந்தரையில், சுவரில் ஒட்டி அடுக்கினால் அந்த எண்ணைச் சுலபமாகத் தாண்டிவிடலாம். அடியில் இரண்டு மரப்பலகை போட்டால் போதும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள், பலகை விலை என்ன ஆகிறது!

எண்ணைக் காட்டி எதிரியை மடக்குவது

மூட்டையில் அச்சிட்ட கச்சாப் புரதம் என்ற எண்ணைப் படித்துக் காட்டினால் எந்த விவாதத்திலும் ஜெயித்துவிடலாம். அது எப்படி வந்த எண் என்று தெரிந்துகொள்ளாமல் இருப்பது நல்லது. 1860களில் ஜெர்மனியின் வீண்டே ஆய்வு நிலையத்தில் ஹென்னபெர்க்கும் ஸ்டோமனும் தீவனத்தை ஈரம், சாம்பல், கொழுப்பு, நார், புரதம் என்று பிரித்தளக்கும் முறையை வகுத்தார்கள். 1883இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலை ஆய்வகத்தில் கெல்டால் என்பவர் நைட்ரஜனைத் துல்லியமாக அளக்க வழி கண்டார். அளந்த நைட்ரஜனை 6.25ஆல் பெருக்கினால் புரதம். அளவில் தவறில்லை. ஆனால் அந்த நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று கருவி கேட்பதில்லை. யூரியாவில் நைட்ரஜன் 46 சதவீதம், பெருக்கிப் பாருங்கள், நூறு கிராம் யூரியாவில் 287 கிராம் புரதம்! 2008இல் சீனாவில் பாலில் மெலமைனைக் கலந்தவர்கள் இந்தப் பெருக்கலை நன்றாகப் படித்தவர்கள்.

யூரியாவுக்கு நல்ல முகமும் உண்டு. நூறு கிலோ வைக்கோலுக்கு நாலு கிலோ யூரியா கரைத்த தண்ணீரைத் தெளித்து, காற்றுப் புகாமல் தார்ப்பாய் போட்டு 21 நாள் மூடிவைத்தால், அம்மோனியா நாரின் பிடியைத் தளர்த்தும். வைக்கோலில் மூன்று நாலு சதவீதமாக இருந்த புரதம் ஏறக்குறைய இருமடங்காகும். கன்றுக்குட்டிக்குக் கூடாது, கரைசலை மாடு குடித்துவிட்டால் உயிருக்கே உலை, எடுத்து ஆறவிட்டுத்தான் போடவேண்டும் என்று ஏகப்பட்ட நிபந்தனை. 21 நாள் காத்திருக்கும் பொறுமை இருந்தால் நாம் ஏன் வாட்ஸப் பார்க்கிறோம்?

வாட்ஸப் சொல்வது அசோலா. மொட்டைமாடியில் தார்ப்பாய்த் தொட்டி கட்டி அசோலா வளர்த்தால் பால் பொங்கும் என்பார்கள். உலர்ந்த அசோலாவில் கால்பங்கு புரதம் என்பது உண்மைதான். ஆனால் ஒரு கிலோ பச்சை அசோலாவைக் காயவைத்தால் மிஞ்சுவது ஐம்பது, அறுபது கிராம். அதில் புரதம் பதினைந்து கிராமுக்குள். ஒரு கைப்பிடி நல்ல பிண்ணாக்கில் அது வந்துவிடும். அசோலா கெட்டதில்லை, கூடவே கொடுக்கலாம். தீவனச் செலவே இல்லாமல் போய்விடும் என்று வீடியோவில் சொல்பவர் தொட்டியைத்தான் காட்டுவார், மாட்டைக் காட்டமாட்டார்.

யாராவது விஞ்ஞானத்தைக் காட்டி உங்களை மடக்கினால், அமெரிக்காவின் விஸ்கான்சின் கதையைச் சொல்லுங்கள். 1907இல் அங்கே ஸ்டீபன் பாப்காக்கின் யோசனைப்படி 16 கிடேரிகளை நாலு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒன்றுக்கு மக்காச்சோளம் மட்டும், ஒன்றுக்கு ஓட்ஸ் மட்டும், ஒன்றுக்குக் கோதுமை மட்டும், நாலாவதற்கு மூன்றும் கலந்து. ஆய்வகக் கணக்குப்படி நாலுக்கும் ஒரே புரதம், ஒரே சக்தி. மக்காச்சோளம் தின்றவை தளதளவென்று இருந்தன. கோதுமை தின்றவற்றின் கன்றுகள் நோஞ்சானாகப் பிறந்தன, பல செத்தன. பார்த்தீர்களா, விஞ்ஞானிகள் கணக்கே பொய் என்று நீங்கள் கையைத் தட்டலாம். கதையின் மிச்சத்தைச் சொல்லாமல் நிறுத்திவிடுவது முக்கியம். ஏனென்றால் கணக்கில் ஏதோ விடுபடுகிறது என்பதை நாலு வருஷம் அதே மாடுகளுக்கு அளந்து போட்டு, எடைபார்த்து, காத்திருந்து கண்டுபிடித்தவர்களும் அவர்களேதான். அந்தக் குழுவிலிருந்த மெக்கல்லம் 1913இல் வைட்டமின் ஏ-யைக் கண்டார். நாம் இன்று குழந்தைக்கு ஊற்றும் வைட்டமின் ஏ மருந்தின் கதையில் ஒரு மாட்டுக் கொட்டகை இருக்கிறது.

சவுண்டல் கதையும் இப்படித்தான். காலி மனைகளில் தானாக முளைக்கும் அந்த மரத்தின் தழை புரதம் மிகுந்தது, கூடவே மிமோசின் என்ற நஞ்சும் உண்டு. ஆஸ்திரேலியாவில் அதை அதிகம் தின்ற மாடுகளுக்கு முடி கொட்டியது, கழுத்துச் சுரப்பி வீங்கியது. ஹவாய் ஆடுகளோ அதையே தின்று சௌக்கியமாக இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆராய்ச்சியாளர், வித்தியாசம் ஆட்டில் இல்லை, ஆட்டின் வயிற்றிலுள்ள நுண்ணுயிரியில் என்று ஊகித்தார். 1980களில் அங்கிருந்த நுண்ணுயிரிகளை ஆஸ்திரேலிய மாடுகளின் வயிற்றுக்கு மாற்றிக் காட்டினார். அந்தப் பாக்டீரியாவுக்கு இப்போது அவர் பெயர்தான். அதே வயிற்றைக் குறிவைத்து, பெங்களூரு தேசியக் கால்நடை உணவியல் நிலையம் டானின் மிகுந்த தாவரங்களைக் கொண்டு மாட்டின் ஏப்பத்தில் வரும் மீத்தேனைக் குறைக்கும் தீவனச் சேர்ப்பு ஒன்றைத் தயாரித்திருக்கிறது, ஹரித் தாரா என்று பெயர். கவர் தின்ற மாட்டின் ஏப்பத்தைப் பற்றி அதில் குறிப்பு ஏதும் இல்லை.

ஆராய்ச்சியாளரைச் சந்திக்காமல் இருப்பது எப்படி

இது கொஞ்சம் கடினம், ஏனென்றால் நெமிலிச்சேரியைச் சுற்றி அவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆவடியிலிருந்து செங்குன்றம் போகும் சாலையில் அலமாதி. அங்கே மத்திய அரசின் கால்நடைப் பண்ணை, அதில் முர்ரா எருமைகள். அதே அலமாதியில் மத்திய அரசின் வட்டாரத் தீவன நிலையம், தீவனப்பயிர் விதையும் பயிற்சியும் தருகிற இடம். அந்தச் சாலையில் போகும்போது இடது வலது பார்க்காமல் நேராகப் போய்விட்டால் தப்பித்துவிடலாம்.

கால்நடைப் பல்கலைக்கழகத்தின் உணவியல் நிலையம் காட்டுப்பாக்கத்தில் இருக்கிறது என்று யாராவது சொன்னால், உடனே பூந்தமல்லி பஸ்ஸில் ஏறிவிடுங்கள். பூந்தமல்லிக்கும் போரூருக்கும் நடுவில் ஒரு காட்டுப்பாக்கம் வரும். மெட்ரோ தூண்கள் இருக்கும், பிரியாணி இருக்கும், வீட்டுமனை ஏஜெண்ட் இருப்பார். தீவன ஆராய்ச்சி இருக்காது, ஏனென்றால் அது கூடுவாஞ்சேரிப் பக்கத்துக் காட்டுப்பாக்கம், செங்கல்பட்டு மாவட்டம். நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலை ஏறினால் வண்டலூர் வரை முப்பது கிலோமீட்டர், அங்கிருந்து கொஞ்ச தூரம். இவ்வளவு சுலபம் என்று தெரிந்தால் யாராவது உண்மையிலேயே போய்விடுவார்கள்.

போனால் என்ன சொல்வார்கள் என்றும் தெரியும். நானூறு கிலோ எடை, பத்து லிட்டர் கறவை என்றால் பசும்புல் இருபது இருபத்தைந்து கிலோ. அதற்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ-4, கோ-5 கம்பு நேப்பியர் கரணை இருக்கிறது, ஒருமுறை நட்டால் பல வருஷம் அறுக்கலாம். வைக்கோல் ஐந்து கிலோ. உடம்பைப் பராமரிக்க ஒன்றரைக் கிலோ கலப்புத் தீவனம், அதற்குமேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ. பசுந்தீவனம் நன்றாகக் கிடைத்தால் இதில் குறைத்துக்கொள்ளலாம். தாது உப்புக் கலவை ஐம்பது கிராம். புதுத் தீவனம் எதுவானாலும் ஒரேயடியாக மாற்றாமல் ஒரு வாரம், பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக. இத்தனையும் சொல்லிவிட்டு, "மாட்டை அவிழ்த்து விடாதீங்க" என்பார்கள். இதில் அதிசய மூலிகை இல்லை, ரகசியம் இல்லை, வாட்ஸப்பில் பகிர ஒரு வரி இல்லை. அலமாதி எருமை இந்த மாதிரிக் கணக்குப்படி தின்று, முகூர்த்தம் என்றால் என்னவென்றே தெரியாமல் காலத்தை ஓட்டுகிறது.

மாட்டுக்காரரைக் கேட்டால் அவரிடமும் நியாயம் இருக்கிறது. புல் அறுக்க நிலம் எங்கே? மேய்ச்சல் புறம்போக்கு எங்கே? இயந்திரம் உருட்டிக் கட்டிய வைக்கோலை வெளியூரிலிருந்து லாரி வாடகை கொடுத்து இறக்கவேண்டும். பால் விலை லிட்டருக்கு என்ன கட்டுகிறது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டுவார். அதனால்தான் காலையில் கறந்துவிட்டு அவிழ்த்துவிடுகிறார். ஊர் சோறு போடும் என்ற நம்பிக்கை. ஊரும் போடுகிறது. விஞ்ஞானி, மாட்டுக்காரர், நாம் மூவரும் ஒரே மாட்டைப் பற்றித்தான் பேசுகிறோம், ஆனால் அதன் தினசரிச் சாப்பாட்டைத் தீர்மானிப்பவர் நாம்தான். படிக்காத பாடத்தில் நமக்குத்தான் முழு அதிகாரம்.

இவ்வளவும் படித்த பிறகும் வாசலில் நிற்கும் மாட்டுக்கு ஏதாவது கொடுத்தே ஆகவேண்டும் என்று தோன்றினால், ஒரு வாளி நல்ல தண்ணீர் வையுங்கள். கறவை மாடு ஒரு நாளைக்கு அறுபது லிட்டர் போலக் குடிக்கும், கோடையில் அதற்கும் மேல். தெருவில் அதற்குச் சாக்கடை தவிர வேறு தண்ணீர் இல்லை. வாழைப்பழத் தோல், முள்ளங்கித் தழை, காலிஃபிளவர் இலை, அகத்தி எல்லாம் தரலாம், நூலையும் ரப்பர் பேண்டையும் கழற்றிவிட்டு. சோறு என்றால் ஒரு கைப்பிடி, அதற்குமேல் வேண்டாம். மாட்டுக்காரர் யார் என்று விசாரித்து, மாசத்துக்கு ஒரு மூட்டைத் தவிட்டுக்குப் பணம் கொடுத்தாலும் புண்ணியம் குறையாது. எதைக் கொடுத்தாலும் கொட்டிக் கொடுத்துவிட்டு, கவரை மட்டும் தயவுசெய்து வீட்டுக்குத் திரும்ப எடுத்துக்கொண்டு போங்கள்.